ஒரே நாளில் குல்மார்க்கில் ஸ்கீயிங்கும் ஸ்னோபோர்டிங்கும்: கடலூர் நண்பரின் கேள்விக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கடலூர் புதுப்பாளையத்திலிருந்து நீங்களும் (26 வயது) உங்கள் அண்ணனும் (38 வயது) பிப்ரவரியில் காஷ்மீர் போகிறீர்கள். குல்மார்க்குக்கு ஒரே ஒரு பகல்தான் ஒதுக்க முடியும். ஒரு கைடை வைத்துக்கொண்டு காலையில் ஸ்கீயிங் (காலுக்கு ஒரு பலகை கட்டிப் பனியில் சறுக்குவது), சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்னோபோர்டிங் (இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிச் சறுக்குவது), நடுவில் கண்டோலா என்ற கேபிள் காரில் உச்சிவரை ஏறி அங்கிருந்து சறுக்கி இறங்குவது என்று திட்டம். புதுச்சேரியில் சர்ஃபிங் பழகியிருக்கிறீர்கள், அது உதவுமா என்று கேட்கிறீர்கள். கபடியில் முட்டி ஜவ்வு கிழிந்து ஆறிய அண்ணன் இதில் இறங்கலாமா என்பது மூன்றாவது. ஆனால் இதற்கெல்லாம் அடியில் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: பயிற்சி இல்லாத குறையை கைடு ஒருவர் சரிக்கட்டிவிடுவாரா? சரிக்கட்ட மாட்டார். ஆனாலும் அந்த ஒரு நாளை அருமையாகக் கழிக்க வழி இருக்கிறது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம். சொந்த ஊர் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகம் நடத்தும் ஸ்கீயிங், மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சியும் அதற்கு அடுத்த நிலையும் முடித்தவன். குளிர்காலத்தில் தெற்கிலிருந்து வரும் குழுக்களோடு போய், உள்ளூர் இன்ஸ்ட்ரக்டர்களுக்குத் துணையாகவும் மொழிபெயர்க்கும் ஆளாகவும் நிற்பேன். மீதி மாதங்களில் நம்மூர்க் கடலில் சர்ஃபிங் சொல்லித் தருகிறேன். நான் டாக்டர் இல்லை. பனிச்சரிவைக் கணிக்கப் படித்தவனும் இல்லை. அந்த இரண்டு விஷயத்திலும் என் பேச்சை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் கைடு. குல்மார்க்குக்குப் போகும் வழியில் உள்ள டாங்மார்க்கில் வண்டி நின்றதுமே நாலு பேர் வந்து சூழ்ந்துகொள்வார்கள். எல்லோரும் கைடுதான். அதில் ஒருவர் குதிரைக்காரர், ஒருவர் ஸ்லெட்ஜ் என்ற பனி வண்டி இழுப்பவர், ஒருவர் கோட்டும் கம்பூட்டும் வாடகைக்கு விடும் கடையின் ஆள். அவர்கள் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு வேண்டியவர் இன்ஸ்ட்ரக்டர். மலையில் கைடு என்றால், ஏற்கெனவே நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களை எந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் பாதுகாப்பாக இறக்குவது என்று தெரிந்தவர். இன்ஸ்ட்ரக்டர் என்றால், நிற்கவே தெரியாதவரை நிற்க வைத்து, நிறுத்தக் கற்றுக்கொடுத்து, பிறகு திருப்பக் கற்றுக்கொடுப்பவர். இரண்டையும் செய்யக்கூடியவர்கள் குல்மார்க்கில் நிறையப் பேர் உண்டு. ஆனால் உங்கள் ஒரு நாளில் அவர் எந்த வேலையைச் செய்யப்போகிறார் என்பதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். "உச்சிக்குக் கூட்டிப்போகிறேன் சார், ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்" என்று சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

உச்சி ஏன் கூடாது என்பதற்கு மலையின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். குல்மார்க் புல்வெளி சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது. கண்டோலாவின் முதல் கட்டம் அங்கிருந்து கொங்தூரிக்கு, சுமார் 3,080 மீட்டருக்கு ஏற்றும். இது 1998-இல் ஓடத் தொடங்கியது. 2005-இல் வந்த இரண்டாம் கட்டம் கொங்தூரியிலிருந்து அஃபர்வட் மலையின் தோளுக்கு, சுமார் 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். கற்றுக்குட்டிகளுக்கான இடம் இந்த இரண்டிலும் இல்லை. கீழே, கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மெத்தென்ற சரிவுகளும் அங்குள்ள சின்ன இழுவை லிஃப்டுகளும்தான் உங்கள் இடம். கொங்தூரியிலிருந்து ஊசியிலைக் காட்டுக்குள் இறங்கும் பாதை, ஓரளவு திருப்பவும் நிறுத்தவும் தெரிந்தவர்களுக்கு. அஃபர்வட் வேறு உலகம். அங்கே இயந்திரம் வைத்துத் தட்டி அழுத்திய பாதை கிடையாது. காற்று கொண்டுவந்து போட்ட பனி எப்படிக் கிடக்கிறதோ அப்படியே கிடக்கும். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் தேர்ந்த சறுக்காளர்கள் வருவது அதற்காகத்தான்.

அங்கே ஸ்கீ பேட்ரோல் என்று ஒரு குழு உண்டு. புதுப் பனி விழுந்த காலையில் அவர்கள் சோதித்து, சில இடங்களில் வேண்டுமென்றே வெடிவைத்துப் பனியைச் சரித்துவிட்டு, பிறகுதான் திறப்பார்கள். ஆனால் அவர்கள் கண்காணிப்பு கண்டோலாவைச் சுற்றிய குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும்தான். அதைத் தாண்டினால் உங்கள் பொறுப்பு. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வட்டில் பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இரண்டு பேர் இறந்தார்கள். அன்று அங்கே சறுக்கப் போன குழுக்களோடு உள்ளூர் கைடுகளும் போயிருந்தார்கள். அடுத்த ஆண்டு, 2024 பிப்ரவரி 22 அன்று, ரஷ்யர் ஒருவர் இறந்தார். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடங்களில்தான் கிளம்புகின்றன, சறுக்க ஆசையைத் தூண்டும் சாய்வும் அதுதான். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு, அதற்குப் பிறகு வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. அதனால்தான் மேலே போகிறவர்கள் எல்லோரும் உடம்பில் சிக்னல் கருவி, பையில் மடக்குக் குச்சி, மண்வெட்டி என்று போகிறார்கள். அந்தக் கருவியை உங்கள் கைடு மட்டும் கட்டியிருந்து பயனில்லை; அவர் புதைந்தால் தேட வேண்டியவர் நீங்கள்தான். உச்சியைப் பார்க்க ஆசை இருந்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் கண்டோலாவில் ஏறிப் பார்த்துவிட்டு அதே கண்டோலாவில் இறங்குங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வரிசையில் நிற்கவே பாதி நாள் போய்விடலாம், பலத்த காற்று அடித்தால் இரண்டாம் கட்டத்தை நிறுத்தியும் விடுவார்கள் என்பதை மனதில் வையுங்கள்.

சரி, ஸ்கீயா ஸ்னோபோர்டா? இரண்டையும் ஒரே நாளில் செய்தால் இரண்டிலும் விழுந்த அனுபவம் மட்டுமே மிஞ்சும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் நாளில் ஸ்கீ எளிது: முகம் போகும் திசையைப் பார்த்திருக்கும், இரண்டு காலும் தனித்தனி, கையில் ஊன்றுகோல் வேறு. ஸ்னோபோர்டில் முதல் நாள் பெரும்பாலும் உட்கார்ந்தே கழியும், ஆனால் இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடித்தால் பிறகு வேகமாகப் பிடிபட்டுவிடும் என்பது இன்ஸ்ட்ரக்டர்கள் எல்லோரும் சொல்வது, நானும் பார்த்தது. ஒரே நாள்தான் என்றால் ஸ்கீ. பிடிவாதமாக போர்டுதான் வேண்டும் என்றால் நாள் முழுக்க போர்டு மட்டும்.

நல்ல இன்ஸ்ட்ரக்டர் முதல் இரண்டு மணி நேரத்தை, பார்த்தால் சிரிப்பு வரும் அளவுக்குத் தட்டையான இடத்தில் செலவழிப்பார். முதலில் ஒரு காலில் மட்டும் ஸ்கீ மாட்டி நடக்க வைப்பார். பிறகு இரண்டு காலிலும் மாட்டி, சரிவுக்குக் குறுக்கே பக்கவாட்டில் அடி அடியாக ஏறச் சொல்வார். மூச்சு வாங்கும், வியர்க்கும். அதற்குப் பிறகு முன்முனைகள் நெருங்கி, பின்முனைகள் விரிந்து, உள்விளிம்பு பனியைச் சுரண்டும்படி நிற்பது. அங்கே எல்லோரும் இதைப் பீட்சா என்றுதான் சொல்கிறார்கள். இதுதான் பிரேக். நிறுத்தத் தெரிந்த பிறகுதான் திரும்புவது. இடது பக்கம் திரும்ப வலது காலில் எடை. அப்புறம் விழுவது: வேகம் கையை மீறுகிறது என்று தெரிந்ததும் பக்கவாட்டில் இடுப்பில் சாய்ந்து உட்கார்ந்துவிட வேண்டும், கையை ஊன்றக் கூடாது. இதையெல்லாம் அவசர அவசரமாகத் தாண்டி உடனே லிஃப்டுக்குக் கூட்டிப்போகிறவர் உங்களைக் கெடுக்கிறார். அத்தனையும் ஒழுங்காக நடந்தால், சாயங்காலம் சின்னச் சரிவில் இடது வலது என்று எஸ் எஸ்ஸாகத் திரும்பி, நினைத்த இடத்தில் நிறுத்துவீர்கள். பெரும்பாலானவர்களால் ஒரே நாளில் இது முடிகிறது. இன்னொன்று, கீழே இருப்பவருக்குத்தான் முன்னுரிமை. மேலிருந்து வருபவர்தான் ஒதுங்க வேண்டும். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் நடத்தை விதியே இது. ஆனால் குல்மார்க்கின் கற்றுக்குட்டிச் சரிவில் ஸ்லெட்ஜும், குழந்தைகளும், செல்ஃபி எடுப்பவர்களும் குறுக்கே நிற்பார்கள். அவர்களுக்கு இந்த விதி தெரியாது.

பூட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நாளைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். லாஸ்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு வங்கி அதிகாரி, ஒரு மணி நேரத்தில் கால் மரத்துவிட்டது, இனி முடியாது என்று பனியில் உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் பேசாமல் அவர் முன்னால் மண்டியிட்டு, பூட்டின் நான்கு பக்கிளையும் திறந்து, பூட்டின் நாக்கை இழுத்துப் பார்த்தார். உள்ளே மூன்று ஜோடி சாக்ஸ், அதற்கு மேல் ஜீன்ஸ் பேன்ட்டின் ஓரமும் சேர்த்துத் திணித்திருந்தது. மூன்றையும் உருவி, ஒன்றை மட்டும் சுருக்கமில்லாமல் மாட்டி, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் அமரவைத்து, முன்எலும்பு நாக்கில் ஒட்டும்படி பக்கிளை மேலிருந்து கீழாகப் பூட்டினார். பத்து நிமிடத்தில் விரல்களுக்கு உயிர் வந்தது. குளிருக்காகச் சாக்ஸை அடுக்கினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு இன்னும் குளிரும். நிற்கும்போது கால் விரல் முன்னால் லேசாக உரச வேண்டும், முட்டியை மடக்கினால் பின்வாங்க வேண்டும். அதுதான் சரியான அளவு. கம்பூட்டை வாடகைக்கு எடுத்தவர்களுக்கு ஸ்கீ பூட் தனியாக வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டுக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கில் ஒரு எண் இருக்கும். விழும்போது எவ்வளவு விசைக்கு அது பூட்டை விட்டுவிட வேண்டும் என்பதைச் சொல்வது அது. உங்கள் எடை, உயரம், வயது, பூட்டின் அடி நீளம், அனுபவம் எல்லாம் பார்த்து வைக்க வேண்டும். வாடகைக் கடையில் முந்தைய ஆள் வைத்த எண்ணிலேயே கொடுத்துவிடுவது உண்டு. எடையைச் சொல்லி, என் கண் முன்னால் மாற்றுங்கள் என்று கேளுங்கள். அண்ணனின் முட்டிக்கு இது உயிர்நாடி.

சர்ஃபிங் உதவுமா? பாதி உதவும், பாதி உபத்திரவம். 1965-இல் அமெரிக்காவில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகளுக்காக இரண்டு ஸ்கீயைச் சேர்த்துக் கட்டியதுதான் இன்றைய ஸ்னோபோர்டின் தொடக்கங்களில் ஒன்று, அதில் நின்றதும் கடலில் நிற்பது மாதிரிதான். எந்தக் கால் முன்னால் வரும் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். முட்டியை மடக்கிப் பக்கவாட்டில் நிற்பதும், கண் போகிற பக்கம் உடம்பு போகும் என்பதும் பழகியிருக்கும். இதனால் முதல் நாளில் மற்றவர்களைவிட முன்னால் இருப்பீர்கள். ஆனால் அலையில் நாம் பின்காலில் எடை போட்டுத் திருப்புகிறோம். பயம் வந்தாலும் பின்னால்தான் சாய்கிறோம். பனியில் பின்னால் சாய்ந்தால் போர்டின் முன்பக்கம் பிடியை இழந்து நேரே கீழ்நோக்கிப் பாய்ந்துவிடும். முன்காலில் எடை போட வேண்டும், அதுவும் சரிவை நோக்கி. நன்றாக சர்ஃப் செய்கிற பையன்கள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். கடலில் கரையை நெருங்கினால் அலை தானாக உங்களை விட்டுவிடும். சரிவு விடாது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும். விழுந்தால் இரண்டு காலும் பலகையோடு கட்டியிருக்கும். கீழ்ப்பக்க விளிம்பு பனியில் மாட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் பின்மண்டை தரையில் அடிக்கும். ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள். மணிக்கட்டுக் காப்பு வாங்கி இங்கிருந்தே எடுத்துப் போங்கள், வாடகைக்குக் கிடைப்பது உறுதியில்லை. ஸ்னோபோர்டில் முதல் நாள்காரர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டில்தான். விழும்போது கையைப் பொத்திக்கொள்ளுங்கள். சர்ஃபர் என்று சொன்னவுடன் இன்ஸ்ட்ரக்டர் சில படிகளைத் தாண்டப் பார்ப்பார். சொல்லாமல் இருப்பதே நல்லது.

அண்ணன் விஷயம். எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு: ஸ்கீயிங்கில் முட்டி ஜவ்வுக் காயம் அதிகம், ஏனென்றால் நீளமான ஸ்கீ ஒரு பக்கம் திரும்ப, உடம்பு இன்னொரு பக்கம் திரும்பும், நடுவில் முட்டி மாட்டிக்கொள்ளும். ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் இருப்பதால் அந்த முறுக்கு குறைவு. ஆகவே அண்ணனுக்கு போர்டு நல்லது என்று இணையத்தில் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். 38 வயதில் முதல் நாள் போர்டில் அடிக்கடி விழுவது முட்டிக்கும் நல்லதில்லை, இடுப்புக்கும் நல்லதில்லை. எந்த ஜவ்வு, முழுக் கிழிசலா பாதியா, ஆபரேஷன் ஆனதா, தொடைத் தசை பழைய பலத்துக்கு வந்ததா, இதெல்லாம் எலும்பு டாக்டர் கையால் சோதித்துச் சொல்ல வேண்டியது. "பனிச்சறுக்கு செய்யலாமா" என்று பொதுவாகக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். "முட்டியைப் பாதி மடக்கியபடி நாலைந்து மணி நேரம் நிற்க வேண்டும், திடீர் முறுக்கு வரலாம், இதைத் தாங்குமா" என்று கேளுங்கள். பழைய ஸ்கேனையும் கொண்டுபோங்கள். இருவருமே இப்போதிருந்தே தினமும் சுவரில் முதுகு சாய்த்து நாற்காலி மாதிரி உட்கார்ந்து பழகுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் நடப்பதும் ஓடுவதும் நல்ல பயிற்சிதான்.

உயரத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். நாம் கடல் மட்டத்துக்காரர்கள். குல்மார்க்கில் காற்றழுத்தம் இங்கிருப்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான், அஃபர்வட் தோளில் சுமார் 60 சதவீதம். சென்னையில் விமானம் ஏறி அன்றே குல்மார்க் போய்ச் சேராமல், சுமார் 1,600 மீட்டரில் இருக்கும் ஸ்ரீநகரில் ஒரு இரவு தங்குங்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறக் கூடாது. குறையாவிட்டால் இறங்கிவிட வேண்டும். ஆஸ்துமா, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். முதல் நாள் ராத்திரி மது வேண்டாம். புதுச்சேரியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு குழுவுக்கும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பையில் ஸ்வெட்டரைவிட அதுதான் முதலில் ஏறுகிறது.

உடுப்பில் ஒரே விதி, உடம்பை ஒட்டிப் பருத்தி கூடாது. பனியன் வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், நின்றவுடன் குளிர் எலும்பில் ஏறும். விளையாட்டுக்குப் போடும் பாலியஸ்டர் டிஷர்ட், அதன்மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், அதன்மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். ஜீன்ஸ் அறவே வேண்டாம். புதுப் பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். நம்ம ஊர் வெயிலில் கறுத்தவர்களுக்கு இதெல்லாம் ஒன்றும் செய்யாது என்று நினைக்காதீர்கள். மூக்கின் அடியும் தாடையின் அடியும் வெந்துபோகும், கண்ணாடி இல்லாமல் நின்றால் ராத்திரி கண்ணில் மணல் விழுந்த மாதிரி எரியும். சன்ஸ்கிரீன், உதட்டுக்குக் களிம்பு, காகிள்ஸ் மூன்றும் அவசியம். மூன்று மணிக்கு மேல் புதிதாக எதையும் முயலாதீர்கள். கால் தளர்ந்த அந்தக் கடைசி ஒரு ரவுண்டில்தான் பலர் அடிபடுகிறார்கள், நிழல் விழுந்த பனியும் அதற்குள் இறுகிவிடும்.

ஏற்பாடு. இன்ஸ்ட்ரக்டரிடம் சுற்றுலாத் துறைப் பதிவு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எத்தனை மணி நேரம், இரண்டு பேருக்குச் சேர்த்தா தனித்தனியா, ஸ்கீ, பூட், ஹெல்மெட் உட்படவா, லிஃப்ட் டிக்கெட் யார் கணக்கு என்று நான்கையும் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கண்டோலா டிக்கெட்டை ஜம்மு காஷ்மீர் கேபிள் கார் நிறுவனத்தின் இணையதளத்திலேயே எடுக்கலாம், இடைத்தரகர் தேவையில்லை. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். பனி விழுந்தால் டாங்மார்க்கில் வண்டி மாற்றியோ சக்கரத்தில் சங்கிலி கட்டியோ போக வேண்டியிருக்கும், அதனால் முந்தின இரவே குல்மார்க்கில் தங்கினால் ஒரு நாள் முழுசாகக் கிடைக்கும். வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, ஒருவராவது போஸ்ட்பெய்ட் வைத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பலவற்றில் அது விலக்கு.

பனி இருக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்பார்கள். அதற்குப் பிந்தைய பிப்ரவரி பொதுவாக நல்ல பருவம். ஆனால் 2024 ஜனவரியில் குல்மார்க் புல் தெரியக் காய்ந்து கிடந்தது. 2025-இல் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டையே பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். ஆகவே பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் முன்பதிவு செய்யுங்கள். ஒரு வாரம் ஒதுக்க முடிகிற ஆண்டு வந்தால், உத்தரகாண்டின் அவுலியில் கர்வால் மண்டல் விகாஸ் நிகம் என்ற அரசு நிறுவனம் நடத்தும் ஏழு நாள் பயிற்சியை யோசியுங்கள், ஏழாம் நாளில் நீங்கள் வேறு ஆள். 2023 ஜனவரியில் அவுலிக்குக் கீழே உள்ள ஜோஷிமட்டில் நிலம் இறங்கியதிலிருந்து அங்கே ரோப்வே நிறுத்தப்பட்டது, சாலை வழியாகத்தான் ஏற வேண்டும்.

அண்ணனின் டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கேயே கீழே எழுதுங்கள். அவர் வேண்டாம் என்றால், நீங்கள் கீழே பழகும் நேரத்தில் அண்ணன் கொங்தூரிவரை போய்வர எந்த நேரத்து டிக்கெட் வசதி என்று சொல்கிறேன்.